மான் சபையின் இதர வரவு

ஆம்பூர்
8-1-1934

அன்புள்ள தோஸ்த் சுந்தரமூர்த்திக்கு,

நிசாரின் சலாம். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மகள் வஹீதாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நீ அனுப்பிய ஆரஞ்சுப் பழங்களில் பெற்ற தகப்பனுக்கு ஒன்றுகூடத் தராமல் தின்று தீர்த்தாள்.

நம் மான் காப்புச் சபையின் வருஷக் கணக்கு வந்து சேர்ந்தது. ஜவ்வாது மலை மான்களுக்காகக் காரியதரிசி என்ற பேரில் நீ அலைகிற அலைச்சல் எனக்குத் தெரியும். ஆனால் என்னைக் கணக்குப் பரிசோதகனாகப் போட்டதும் நீதான், அனுபவி. ஊரார் கொடுத்த சந்தா முந்நூறு ரூபாய். மலைக் காவலாட்களுக்குச் சம்பளம் அறுநூறு. நடுவில் 'இதர வரவு' என்று ஒரு முந்நூறு உட்கார்ந்திருக்கிறது. கொடுத்தவர் பெயர் இல்லை. யார் அந்தப் புண்ணியவான்? சொன்னால் அன்றே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன்.

உன் தோஸ்த்,
நிசார் அஹமது

வேலூர்
16-1-1934

என் அருமை நிசாருக்கு,

பொங்கல் அமர்க்களத்தில் பதில் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் என் கணக்கைப் பார்த்து எழுதித் தேறியவன் இன்று என் கணக்கையே பரிசோதிக்கிறான். காலம் கெட்டுவிட்டது.

அந்தப் புண்ணியவான் பெயரை வெளியிட விரும்பாதவர். தர்மத்தை மறைவாகச் செய்வது குற்றமா? வருகிற நாலாம் தேதி சபைக் கூட்டத்துக்குக் கலெக்டர் துரையே தலைமை வகிக்கிறார். இந்த வருஷம் திருட்டு வேட்டையில் பிடித்து எரித்த மான்தோல் தொண்ணூறு. போன வருஷம் நாற்பதுதான். இதைக் கேட்டால் துரை பூரித்துப் போவார். அறிக்கை அச்சாகிவிட்டது, உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பிடிவாதம் பண்ணாமல் அனுப்பு. வஹீதாவுக்கு என் ஆசிகள்.

உன்
சுந்தரமூர்த்தி

ஆம்பூர்
20-1-1934

சுந்தரமூர்த்திக்கு,

நேற்று என் தோல் ஷாப்பில் பதனிட்டு முடித்த தோல்களைத் தரம் பிரித்தோம். ஆட்டுத்தோல்களோடு ஒரு கட்டு மான்தோல் இருந்தது. ஒவ்வொன்றின் கழுத்தோரத்திலும் மூன்று துளை. நம் சபையின் அடையாளம்.

அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். ஒரே சுண்ணாம்புக் குழியில் நாலு வியாபாரிகளின் தோல் ஊறுகிற ஊர் இது. கலந்துவிடாமல் இருக்க அவரவர் தோலில் அவரவர் அடையாளத்தைக் குத்திவிடுவது எங்கள் வழக்கம். பிடிபட்ட தோல் எரிக்கும் முன் மறுபடி விலைக்குப் போகக்கூடாதென்று அதையே சபைக்கும் வைத்தோம். சுண்ணாம்பில் ஊறினால் அடையாளம் அழிந்துவிடும் என்று நினைத்தாயா வக்கீலே? சுண்ணாம்பு மயிரைத்தான் தின்னும். துளையைத் தின்னாது.

மேஸ்திரி கவுஸ் பாஷாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வக்கீல் சார் ஆளுதான் வண்டில எறக்கிட்டுப் போனாரு மொதலாளி. ஒங்களுக்குத் தெரியும்னு இருந்துட்டேன்" என்றான். எரித்துவிட்டோம் என்று நீ அச்சடித்த தோலை நான் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இதற்கு என்ன சொல்கிறாய்?

நிசார்

வேலூர்
23-1-1934

ஜனாப் நிசார் அஹமது சாகிப் அவர்களுக்கு,

ஆம், விற்றேன். யாரும் சந்தேகிக்கமாட்டார்கள் என்றுதான் இந்தக் கட்டைப் பதனிடத் தங்கள் ஷாப்பில் இறக்கினேன். ஒரு பைசாகூட என் பெட்டிக்குள் போகவில்லை. போன வருஷக் கூட்டத்தில் நூறு, இருநூறு தருவதாகக் கைதூக்கிய பெரிய மனிதர்கள் பிறகு என்னைக் கண்டால் வேறு தெருவில் போனார்கள். காவலாட்களின் பிள்ளைகள் பட்டினி கிடக்க, நான் தோலை எரித்துக் குளிர்காய வேண்டுமா? விற்றுச் சம்பளம் கொடுத்தேன். அதைத் துரைக்கு எழுதினால் சபையையே இழுத்து மூடிவிடுவார்.

இதைத் தாங்கள் கூட்டத்தில் பேசினால், தோல் யாருடைய ஷாப்பில் அகப்பட்டது என்றுதான் போலீஸ் முதலில் கேட்கும். வக்கீல் என்ற முறையில் தங்கள் நன்மைக்காகவே சொல்கிறேன்.

இப்படிக்கு,
கே. சுந்தரமூர்த்தி, காரியதரிசி

ஆம்பூர்
26-1-1934

அன்புள்ள சுந்தரமூர்த்திக்கு,

நீ என்னை ஜனாப் என்கிறாய், தாங்கள் என்கிறாய். நான் அப்படி எழுதமாட்டேன். முப்பது வருஷமாக நீ எனக்கு நீதான்.

நீ பணம் தின்றாய் என்று நான் நினைக்கவில்லை. தின்றிருந்தால் கோபித்துக்கொண்டு போயிருப்பேன், இத்தனை பேஜார் இல்லை. ஆனால் நாற்பது தோல் எப்படித் தொண்ணூறு ஆயிற்று என்று யோசித்தாயா? தோல் வந்தால்தான் சம்பளம் வரும் என்று காவலாளுக்குத் தெரிந்துபோயிற்று. மான் உயிரோடு மேய்ந்தால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. தொண்ணூறு தோலுக்கு ஒரு வேட்டைக்காரன் பெயர்கூட உன் அறிக்கையில் இல்லை. மானைக் காக்க என்று ஊரார் கொடுத்த காசில் மானைக் கொல்ல ஆள் வைத்திருக்கிறோம். உனக்கு இது உறைக்கவில்லையா?

போலீஸ் கேட்கும் என்கிறாய். நானே எழுதிப் போட்டுவிட்டேன். தோல்களை நேற்று ஷாப் வாசலில் கயிறு கட்டி, துளை தெரியும்படி தொங்கவிட்டேன். சந்தா கொடுத்தவர் யார் வந்தாலும் காட்டச் சொல்லியிருக்கிறேன். பேரணாம்பட்டிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். என் ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம்பட்டை சுமக்கிற கோவிந்தம்மாள், வாராவாரம் கூலியில் சபைக்குக் காலணா கொடுத்தவள், வெகுநேரம் நின்று பார்த்தாள். "இன்னா பாய், காப்பாத்தறோம்னு வாங்கினீங்களே" என்றாள். ஷாப்புக்குப் பூட்டுப் போடுகிறார்களா, போடட்டும். நாலு மாதம் கஞ்சி குடித்துக் கிடப்போம். அவளுக்குப் பதில் சொல்லாமல் இந்த ஊரில் என்னால் நடமாட முடியாது.

கணக்கில் கையெழுத்துப் போடமாட்டேன். நாலாம் தேதி கூட்டத்துக்குக் கட்டாயம் வருவேன். எப்போதும்போல முன்வரிசையில் உன் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவேன். அங்கிருந்தே எழுந்து இத்தனையும் துரைக்கு முன்னால் சொல்வேன். கைதூக்கிவிட்டு ஓடிய பெரிய மனிதர்களின் பெயரையும் ஒன்று விடாமல் சொல்வேன். சொல்லி முடித்து மறுபடியும் உன் பக்கத்திலேயே உட்காருவேன். எழுந்து போவதானால் நீ போ.

உன் தோஸ்த்,
நிசார்