வெள்ளம் என்று சொன்னதற்கு

அத்தான்,

தெருவெல்லாம் வெடிமருந்து நெடி. நம் ஊர் மலையாள ராஜ்யத்தை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டதாம். சுசீந்திரத்தில் விடிந்ததிலிருந்து வெடி போடுகிறார்கள். அப்பா எனக்கும் ஒரு கை கற்கண்டு கொண்டுவந்தார். "இனி நம்மள ஒருத்தனும் மலையாளத்தான்னு சொல்ல முடியாது" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இது ஏன் நீங்கள் வேலை தேடிப் போகுமுன்பே நடக்கவில்லை?

நீங்கள் புள்ளியியல் படித்து வந்தபோது, "அது என்ன படிப்பு மக்கா, புள்ளி வச்சுக் கோலம் போடதா?" என்று கேட்டவர் அவர். அறுவடைக் காலத்தில் ஊர் விளைச்சலைக் கணக்கிட எந்த வயலை அளப்பது என்று நீங்கள் சீட்டுக் குலுக்குவீர்கள். சொத்தை வயல் வந்தால், மானம் போகிறது என்று அப்பா உங்களை நல்ல வயலுக்கு இழுப்பார். "நல்லதாப் பாத்து எடுத்தா அது கணக்கில்ல மாமா, பெரும" என்பீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பேன்.

உடன்பிறந்தாள் மகன் என்று அப்பாவுக்கு உங்கள்மேல் உயிர். ஆனாலும் ஒரே பிடிவாதம். "காலேஜ் வேல கெடைக்கட்டும் மக்கா, மறுநாளே தாலி கட்டு."

சென்னையில் ஒரு பல்கலைக்கழகம் புள்ளியியல் விரிவுரையாளருக்கு ஆள் தேடியது. நேர்காணலில் ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டீர்கள். கடைசியில் ஒருவர், விளைச்சலுக்கும் தண்ணீருக்கும் உள்ள தொடர்பை ஒரு விவசாயிக்குத் தமிழில் சொல்லச் சொன்னார்.

"வயல்ல வெள்ளம் நின்னா வெளைச்சல் கூடும்" என்றீர்கள்.

"வெள்ளம் வந்தா பயிர் அழுகிடாதா?"

"வெள்ளம் இல்லாம நெல்லு எப்பிடி சார் வெளையும்?"

சிரித்துவிட்டார்களாம். நாம் குடிக்கிற தண்ணீருக்கு அதுதானே பெயர். அவர்களுக்கோ ஊரை அடித்துக்கொண்டு போவதுதான் வெள்ளம். "மலையாளமா? பசங்களுக்கு உங்க தமிழ் புரியாதே" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் திருவனந்தபுரத்து வேலைக்குப் போனபோது, தமிழன் என்று தெரிந்ததும் "பாண்டிக்காரனா?" என்று கேட்டு அனுப்பினார்கள். இரண்டையும் எங்கள் வீட்டில் நடித்துக் காட்டிச் சிரித்தீர்கள். சாப்பாட்டைத்தான் பாதியில் வைத்துவிட்டு எழுந்தீர்கள்.

பிறகு கல்கத்தாவில் பயிர் மதிப்பீட்டு வேலை. இங்கே எல்லாரும் மதராசிதான், ஒரு தொல்லையும் இல்லை என்று எழுதினீர்கள். அப்பாவும் இறங்கிவந்தார். ஆவணியில் கல்யாணத்துக்கு நாள் குறித்தார். ஆடியில் உங்களுக்குக் காலரா கண்டது. உடம்புகூட ஊர் வந்து சேரவில்லை.

செய்தி வந்த அன்று அத்தை பக்கத்தில் உட்கார்ந்து நானும் கதறினேன். அம்மாவின் அக்கா, பெரியம்மை, என்னைப் பிடித்து எழுப்பினாள். "ஏட்டி, நீ என்ன தாலி கெட்டுனவளா? நாளைக்கு ஒனக்கு ஒருத்தன் வரண்டாமா?" என்று முகத்தைக் கழுவிவிட்டுப் பொட்டு வைத்தாள். தலை நிறையப் பிச்சிப்பூவும் வைத்தாள்.

இன்றைக்கும் வைத்துவிட்டாள், அத்தான். குனிந்து கொடுத்தேன். உங்களுக்காக இந்தப் பூவை எடுத்துப் போடக்கூட எனக்கு உரிமை இல்லை.