அவர் வாய்க்குப் பூட்டு, என் வாய்க்கு ஜெபம்

மார்ச் 4, செவ்வாய்
இவர் தொண்டையில் இருந்த கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். காயம் ஆறும்வரை பேசவோ சிரிக்கவோ கூடாதாம். "பொண்டாட்டிக்கும் சேர்த்துச் சொல்லிடாதீங்க டாக்டர்" என்றேன். டாக்டர் சிரித்தார். முடிவு கெட்டதாக வந்தால் குரல்வளையையே எடுக்க வேண்டியிருக்கும் என்று அப்புறம்தான் சொன்னார்.

மார்ச் 5, புதன்
சாப்பிட்டதும் வீட்டு ஜெபம் பண்ணுவது எப்பவும் இவர்தான். நாலு வார்த்தையில் முடிந்துவிடும். என் வேலை ஆமென் மட்டும். நான் வளவளக்க ஆரம்பித்தால், "போதும்டி" என்பார்.
இன்றைக்கு என்னைக் கை காட்டினார். கண்ணை மூடி வாயைத் திறந்தால் — பாஸ்டர் வருகிறார்! "சர்வ வல்லமையுள்ள, மகா பரிசுத்தமுள்ள..." அதே கனைப்பு, அதே இழுப்பு. எங்கள் சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டே அவரை மாதிரி பேசிக் காட்டி ஊரைச் சிரிக்க வைத்த வாய் இது. வேறு வழி தெரியவில்லை அதற்கு. இவருக்குத் தோள் குலுங்குகிறது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு முறைக்கிறார்.

மார்ச் 6, வியாழன்
பாஸ்டரை விரட்டினேன். கண்ணீர் அக்கா வந்துவிட்டாள். எங்கள் சபையில் மூக்கை உறிஞ்சாமல் ஜெபமே பண்ணாதவள். நானும் உறிஞ்சினேன்.
"அம்மா, அப்பாவுக்காகப் பண்ணு. அக்காவாட்டம் பண்ணாதே" என்றாள் சின்னவள்.
சுருக்கென்றது.

மார்ச் 7, வெள்ளி
கண்ணாடி முன்னால் பழகிப் பார்த்தேன். சபைப் பொருளாளர் வந்தார். கர்த்தருக்கே வரவு செலவு வாசிக்கிறார்.

மார்ச் 9, ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் பாஸ்டரையே பிடித்தேன்.
"ஐயா, ஜெபம் பண்ணக் கண்ணை மூடினா நீங்க வந்து நிக்கிறீங்க."
"நான் எப்படிம்மா பண்ணுவேன்?"
பண்ணிக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். "அது நான் இல்லம்மா. எனக்கு முந்தி இருந்த பாஸ்டர். அவரைப் பார்த்துத்தான் நானே பழகினேன்."
"அப்ப உண்மையா எப்படித்தான் பண்றது?"
"தெரிஞ்சா எனக்கும் சொல்லு."
நல்ல பாஸ்டர் போ!

மார்ச் 10, திங்கள்
நாளைக்கு முடிவு. கையைக் கூப்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். நான் கண்ணை மூடல. அவரையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.
"ஆண்டவரே, இந்த மனுஷன் பேசறதே கொஞ்சம். அதையும் எடுத்துக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க? வேணும்னா என் வாயை எடுத்துக்குங்க, நிறைய இருக்கு. இவர் போதும்டின்னு சொல்லலைன்னா எங்க நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியாது. பயமா இருக்குப்பா..."
நிறுத்தவே தெரியல. ஆமென் சொல்ல வரல. இவர்தான் மேசையில விரலால ஒரு தட்டு தட்டினார்.

மார்ச் 11, செவ்வாய்
கெட்ட கட்டி இல்லை. கெட்ட கட்டி இல்லை!

மார்ச் 22, சனி
இன்றிலிருந்து பேசலாம். ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். நாலு வார்த்தைதானே என்று நான் ஆமெனோடு காத்திருக்கிறேன். இவர் கரகரவென்று தொண்டையைச் செருமி, என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையை ஆட்டி ஆட்டி ஆரம்பித்தார்: "ஆண்டவரே, இந்தப் பொம்பளை வாயை எடுத்துக்காம விட்டீங்களே, உங்களுக்கு எவ்வளவு பொறுமை..."
அச்சு அசல் நான். சின்னவள் தரையில் உருள்கிறாள்.
"போதுங்க" என்றேன்.
இவர் நிறுத்தவில்லை.