கலங்கலான குழாய்

மார்ச் 3
இன்றும் படிந்துவிட்டது. காலையில் லேபில் கலக்கி வைத்த புற்றுநோய் மருந்து மதியத்துக்குள் குழாயின் அடியில் வெள்ளைத் தூளாக உட்கார்ந்திருந்தது. இந்த மருந்துக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. நான் சேர்க்கும் பெப்டைடு, அதாவது புரதத்தின் குட்டித் துண்டு, தண்ணீரில் தானாகவே ஒன்றுகூடி மருந்தைச் சுற்றிக்கொண்டு மிதக்க வைக்க வேண்டும். கூடத்தான் கூடுகிறது. மருந்தை மட்டும் சீண்ட மாட்டேன் என்கிறது. கல்லில் நார் உரிக்கிற வேலை.

மார்ச் 6
அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றுவதும் இதே மருந்துதான். கட்டி சுருங்குகிறது என்கிறார் டாக்டர். ஆனால் மருந்தைக் கரைக்க ஓர் எண்ணெய்த் திரவம் சேர்க்கிறார்கள், அதுதான் அவளைப் படுத்துகிறது. இன்று முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு இறுகி, பாதியில் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார்கள். பக்கத்திலேயே இருந்தேன். இத்தனை படித்து என்ன கிழித்தேன்?

மார்ச் 7
அசதி. வேறொன்றும் இல்லை.

மார்ச் 12
தெளிந்துவிட்டது. கண்ணாடிக் குழாய்கள் எல்லாம் கழுவப் போயிருந்ததால் பிளாஸ்டிக் குழாயில் கலக்கினேன். மாலை வரை ஒரு துளித் தூள் இல்லை, பளிச்சென்ற தண்ணீர். என் வாய் சும்மா இருந்ததா? தண்ணீரில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகூடப் பார்க்காமல், எண்ணெயே வேண்டாத மருந்து தெளிந்துவிட்டது என்று அக்காவுக்குப் போன் செய்துவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

மார்ச் 17
அத்தான் கூப்பிட்டார். அக்கா இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாளாம். "என் தங்கச்சி மருந்து வரட்டும்கிறா. நீ என்னம்மா சொன்னே அவகிட்ட?" திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இது சரியாக வந்தாலும் மனுஷங்களுக்குப் போக வருஷக்கணக்காகும். அதை அன்றே சொல்லியிருக்க வேண்டாமா? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெடப்போவது அவள்.

மார்ச் 18
போய்ச் சொன்னேன். நம்பவில்லை. அத்தான் சொல்லித்தான் நான் பயமுறுத்துகிறேன் என்கிறாள். தெளிந்தது என்று நீதானே சொன்னாய் என்று என் வார்த்தையை எனக்கே திருப்பிவிட்டாள்.

மார்ச் 19
இன்றுதான் அளந்தேன். தண்ணீரில் மருந்தே இல்லை. குழாயைக் காலி செய்து ஆல்கஹாலால் அலசி, அதை அளந்தால் — அத்தனையும் அங்கே. பிளாஸ்டிக் சுவரில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் ஆகாதது பிளாஸ்டிக்கைக் கட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெளிவாக இருந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். அழ வேண்டும் போலிருந்தது, அதற்கும் தெம்பில்லை.

மார்ச் 20
அந்தத் தெளிந்த தண்ணீரைத் திரும்பக் குழாயில் ஊற்றி எடுத்துப்போய் அக்கா கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"அப்ப நான் இத்தனை நாளா வெறும் தண்ணிக்கா காத்துக்கிட்டிருந்தேன்?"

"ஆமாக்கா."

குழாயை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். என்னை ஒரு அறை விட்டிருக்கலாம். பிறகு, "உங்க அத்தான வண்டிய எடுக்கச் சொல்லு" என்றாள்.

மார்ச் 27
கண்ணாடிக் குழாய், வேறு பெப்டைடு. மோர்த் தண்ணீர் மாதிரி கலங்கலாக நிற்கிறது, அடியில் படியவில்லை. அளந்தேன். நம்பாமல் மறுபடி அளந்தேன். போட்ட மருந்து அப்படியே தண்ணீரில் மிதக்கிறது. யாருக்கும் போன் செய்யவில்லை.

ஏப்ரல் 10
இன்று மறுபடி அக்காவுக்கு ஏற்றினார்கள். கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"உன் குழாய் தெளிஞ்சுதா?"

"இல்லக்கா, கலங்கலாத்தான் இருக்கு."

"அளந்தியா?"

"அளந்துட்டேன். மருந்து உள்ளதான் இருக்கு. ஆனா உனக்கு இது..."

"எனக்கு வராது. தெரியும். யாருக்காவது வரும்ல."

கொஞ்ச நேரத்தில் கழுத்து சிவக்க ஆரம்பித்தது. நர்ஸ் ஓடி வந்து, இன்றைக்கு நிறுத்திவிடலாமா என்று கேட்டார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்த வேணாம் சிஸ்டர். மெதுவா ஏறட்டும்."