மூடி திறக்காத முருங்கைத்தூள்

இன்று காலை கோயிலில் உன் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்து, நானாட்டானில் உங்கள் வீட்டில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். உன் கணவர் மூன்று போத்தல்களைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். நான் உனக்கு அனுப்பிய முருங்கை இலைத்தூள். மூடியைச் சுற்றி நான் ஒட்டிய ஒட்டுநாடா அப்படியே இருந்தது. அதை உரித்து மூடியைத் திறந்ததும் காய்ந்த இலையின் மணம் குப்பென்று வந்தது.

"மருந்து ஏத்துற காலத்தில இது வேண்டாமெண்டு டொக்டர் சொன்னவர். உங்களுக்குச் சொன்னா மனம் நோகுமெண்டு அலுமாரிக்குள்ள ஒளிச்சு வச்சிட்டா," என்றார். அடுக்காமல் விட்ட கதிரையில் இருந்து அழுதேன். துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவர் தேத்தண்ணி கொண்டுவந்தார். எனக்கோ அப்போதுதான் மூச்சே வந்தது.

உனக்குக் குடற்புற்று என்று தெரிந்த வருடம்தான், எங்கள் ஆய்வுகூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த குடற்புற்றுக் கலங்களுக்கு முருங்கைச் சாற்றை விட்டுப் பார்த்தேன். கலங்கள் செத்தன. தலைகால் புரியாமல் உனக்குப் போன் எடுத்தேன். அடுத்த கிழமையே தூள் பஸ் ஏறிவிட்டது. தட்டு வேறு, வயிறு வேறு என்று ஊருக்கெல்லாம் படிப்பிக்கிறவள் செய்த வேலை இது.

சில மாதம் கழித்து, சாற்றைக் குறைத்து விட்டுப் பார்த்தேன். இந்த முறை கலங்கள் சாகவில்லை. தங்களைக் காக்கும் ஒட்சியேற்ற எதிரி நொதியங்களைக் கூட்டிக்கொண்டு திடமாக நின்றன. உடனே உனக்குப் போன் எடுத்தேன். உனக்கு ஏற்றுகிற மருந்து நெருப்பு வைக்க, என் தூள் தண்ணீர் ஊற்றி அணைக்கிறதோ?

"தூள் குடிக்கிறியோடி?"

"ஓம், ஒரு நாளும் விடேல்லை."

"இனித் தொடாதை!"

"சரி சரி, நிப்பாட்டுறன்," என்று சிரித்தாய்.

நீ போன பிறகு அந்த "ஓம்" என்னைத் தின்றது. நோய்க்கு நானே துணை போனேன் என்று நினைத்துக்கொண்டேன். சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கள்ளி! பள்ளிக்கூட விடுதியில் முருங்கை இலை வறையை எனது சோற்றுக் கோப்பைக்குள் தள்ளிவிடுகிறவள் நீ. அதையாவது நான் யோசித்திருக்க வேண்டாமா?

இனி யாராவது என்னிடம் தூள் கேட்டால், "முதல்ல கிளினிக்கில கேளுங்கோ, என்ர சிநேகிதி கேட்டவ," என்று சொல்லுவேன்.

மத்தியானம் உன் வீட்டில் அதே வறைதான். உன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.