மூத்தவனுக்கும் இதுதானா

ஆவணி, திங்கள் இரவு

பிறந்தவுடன் பாப்பாவின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. வேலூருக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தோம். பாலில் இருக்கும் சர்க்கரை அவள் உடம்புக்கு ஆகாதாம். தாய்ப்பாலும் விஷமாகுமாம். இன்றே நிறுத்திவிட்டு சோயா பவுடர் கொடுக்கச் சொன்னார். சீக்கிரம் தெரிந்ததால் பிழைத்துக்கொள்வாள் என்றார்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். என் மனைவி அமுதா கும்பிடவில்லை.

"மூத்தவனும் மஞ்சளாயி, வாந்தி எடுத்துகினேதான் போய்ட்டான் டாக்டர். அவனுக்கும் இதானா?" என்று கேட்டாள்.

"இருக்கலாம்மா. அப்ப டெஸ்ட் எடுக்கலியே."

மூத்தவன் போனபோது, அமுதாவின் பால்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று என் அம்மா தெருவெல்லாம் சொன்னாள். அமுதா அதை நம்பியதே இல்லை. இன்று பஸ் கண்ணமங்கலம் தாண்டும்போது வாயைத் திறந்தாள்.

"அத்த சொன்னது சரிதான் மாமா. அவன் அழும்போதெல்லாம் நான்தான குடுத்துகினே இருந்தேன்."

"ரெண்டு பேர்கிட்டேருந்தும் வர்றதுன்னு டாக்டர் சொன்னாங்களே. என் ரத்தத்துலயும் இருக்குது அமுதா."

"நீங்க ஊட்டலியே," என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

பாப்பாவைத் தொடவே அமுதா பயப்படுகிறாள். சோயா பவுடரைக் கரைத்துப் புட்டியில் நான்தான் கொடுத்தேன். குடித்துவிட்டு என் மடியில் தூங்குகிறாள். தூக்கத்திலும் என் சட்டையில் முகத்தைத் தேய்த்துத் தேடுகிறாள். அமுதா நனைந்த ரவிக்கையோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை.