டாக்டர் சொன்ன மூன்று வருடம்

பிரிக்பீல்ட்ஸ்,
4.3.1979

அன்புள்ள அத்தான்,

நானும் மாமியும் சுகம். லிப்பிஸில் மழை விட்டதா? ஸ்டேஷன் வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை மாமி என்னைக் கிள்ளானில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகிறார். பிள்ளை தவறி ஒரு வருடமாகியும் ஏன் இன்னொன்று தங்கவில்லை என்று கேட்கவாம். அங்கே மாமி அறிவதற்கு முன் நீங்கள் அறியவேண்டும். போன ஜூனில், உங்களுக்கு மாற்றல் வந்த வாரம், கிளினிக்குக்குப் போய் லூப் வைத்துக்கொண்டேன். கருப்பைக்குள் வைக்கிற சிறிய பொருள். வேண்டும்போது எடுத்துவிட்டால் பிள்ளை தங்கும் என்று அங்கிருந்த நர்ஸ் இராஜம்மா சொன்னார். உங்களிடம் சொல்லாமல் செய்தேன். மன்னியுங்கள்.

உங்கள்
சிவமலர்


கோலா லிப்பிஸ்,
9.3.1979

மலர்,

உன் கடிதத்தை டிக்கெட் கவுண்டரில் நின்றபடியே படித்தேன். இந்த ஒன்பது மாதத்தில் நான்கு தடவை வீட்டுக்கு வந்தேன். ஒரு தடவையாவது சொல்லத் தோன்றவில்லையா? யாரோ ஒரு நர்ஸுக்குத் தெரியும், தாலி கட்டியவனுக்குத் தெரியாது. உனக்குப் பிள்ளை வேண்டி அம்மா விரதம் இருப்பதையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? அதை எடுத்துவிட்டு எழுது.

கார்த்திகேசு


பிரிக்பீல்ட்ஸ்,
13.3.1979

அத்தான்,

சொல்லாதது பிழை. வைத்தது பிழை இல்லை.

ஏழாம் மாதத்தில் பிள்ளையும் போய், இரத்தமும் போய் நான் கிடந்தபோது டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார்? "மூணு வருஷத்துக்குப் பிள்ளை வேணாம் மிஸ்டர். அடுத்த தடவை இவங்களைக் காப்பாத்த முடியாமப் போகலாம்." நான் கண்ணை மூடியிருந்தேன், தூங்கவில்லை. வீடு வந்து இரண்டு மாதம் கழித்து நீங்கள் சொன்னீர்கள்: "டாக்டர்மார் அப்பிடித்தான் வெருட்டுவினம்." அதன்பிறகு உங்களிடம் எதைச் சொல்ல?

எனக்கு இருபத்திரண்டு வயது. பிள்ளை வேண்டும். அதை வளர்க்க நானும் வேண்டும். இப்போது எடுக்கமாட்டேன்.

மாமிக்குக் காய்ச்சல். கிள்ளான் பயணம் தள்ளிப்போயிருக்கிறது.

சிவமலர்


கோலா லிப்பிஸ்,
2.4.1979

அன்பு மலர்,

மூன்று வாரமாக எழுத முகமில்லை. டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. பிள்ளை ஆசையில் மறந்தவன்போல் இருந்தேன். அம்மாவிடமும் அதை மறைத்துவிட்டேன். இன்று அவருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், லூப் வைத்தது என் முடிவு, மலரை ஒன்றும் சொல்லவேண்டாம் என்று. பழி என்னோடு இருக்கட்டும்.

கார்த்திகேசு


பிரிக்பீல்ட்ஸ்,
7.4.1979

அத்தான்,

உங்கள் கடிதத்தை மாமி குசினிக்கே கொண்டுவந்தார். "இது அவன்ர முடிவோ?" என்று கேட்டார்.

"இல்லை மாமி. என்னுடையது" என்றேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன்.

மாமி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "இதை ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?" என்றார். நான் அடுப்பை அணைத்தேன். பிறகு மாமி என் கையைப் பிடித்து, "அதை வைக்கேக்க நொந்ததோ, பிள்ளை?" என்றார்.

நொந்தது என்றேன். அழுதுவிட்டேன்.

உங்களிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது அத்தான். இரண்டிலும் இந்தக் கேள்வியைத் தேடினேன்.

சிவமலர்