ராசாவும் பங்கருக்கு வருவார்

மாசி 8, திங்கள், 1999

விடியப் பனி. வகுப்புக் கதிரையெல்லாம் ஈரம். கடைவாய்ப் பல் இன்றும் குத்து. கிராம்பு வைத்துப் பார்த்தேன். நாக்கு மரத்ததுதான் மிச்சம்.

பள்ளிக்கூட அதிபர் அம்மா கூப்பிட்டார். கோட்டச் சதுரங்கப் போட்டிக்கு அறிவித்தல் வந்திருக்கிறதாம். ஆரம்பப் பிரிவு, பள்ளிக்கூடத்துக்கு நாலு பிள்ளைகள். இருபதாம் திகதி, அக்கராயனில். எனக்கு வாயெல்லாம் பல். அவர் சிரிக்கவில்லை.

"சரோ, முதல் ரெண்டு இடத்துக்குள்ள வந்தினமெண்டால் உந்த விளையாட்டு நடக்கட்டும். இல்லாட்டி பின்னேரம் முழுக்க புலமைப்பரிசில் வகுப்புத்தான். பிறகு மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது."

அவரையும் குறை சொல்ல ஏலாது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பிள்ளைகளின் படிப்பு பாழ். வலிகாமத்தில் பெரிய பள்ளிக்கூடம் நடத்திய மனுசி, இங்கே ஜெயபுரத்தில் கிடுகுக் கொட்டிலுக்குள் எங்களோடு மல்லுக்கட்டுகிறார். ஆனால் ஒன்றை அவருக்கு எப்படிச் சொல்வது? பலகையைப் பார்க்கிற நேரத்தில் மட்டும்தான் இந்தப் பிள்ளைகள் வானத்தைப் பார்ப்பதில்லை. நான் வெறும் தொண்டர் ஆசிரியை. "ஓம் அம்மா" என்று வந்துவிட்டேன்.

குழு: தவமலர் (ஐந்தாம் வகுப்பு, முதல் மேசை, கதை குறைவு). நிரோஷா. ரஜீவன் (ஒரு காய் வைக்க ஒரு யுகம்). குகன் (மூன்றாம் வகுப்பு, வாய் மூடாது).

சவர்க்காரம் முடிந்துவிட்டது. பனங்காயில் உடுப்புத் தோய்க்கலாம் என்றால் இப்போது பனங்காயும் இல்லை.

மாசி 10, புதன்

வெயில். காற்றில்லை.

பின்னேரம் பயிற்சி. நிவாரணத்தில் வந்த செஸ் பெட்டி ஒன்று, உரப்பையில் நான் மையால் கீறிய பலகை ஒன்று. தொலைந்த சிப்பாய்களுக்குப் புளியங்கொட்டை. ஒரு குதிரைக்குச் சோடா மூடி. வெள்ளை ராசா தொலைந்தபோது மட்டும் அதற்கும் சோடா மூடி வைக்கப் பிள்ளைகள் சம்மதிக்கவில்லை. "மூடி எப்பிடி ரீச்சர் ராசாவாகும்?" என்று குகன் ஒற்றைக்காலில் நின்றான். ரஜீவனின் அப்பா முதிரைக் கட்டையில் ஒன்று செதுக்கித் தந்தார். கொஞ்சம் கூன். ஆனாலும் ராசாதான்.

அதிலிருந்து வந்ததுதான் எங்கள் வழக்கம். விமானச் சத்தம் கேட்டால் அவரவர் தன் ராசாவைத் தூக்கிக்கொண்டு மண்ணுக்குள் வெட்டின பங்கருக்கு ஓட வேண்டும். மற்றக் காய்கள் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை. ராசா பத்திரம். நான் சொன்ன விதிதான். இப்போது நான் சொல்லாமலே கை போகிறது. இன்றும் ஒருக்கால் ஓடினோம். கிபிர் விமானம் எங்கோ கிழக்கே குண்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. பங்கருக்குள் நாலு பேரும் குந்தியிருந்தார்கள். ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேரும் பொத்திய கையைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டிருந்தார்கள். கைக்குள் ராசா. அதிபர் அம்மா வழக்கம்போல வரவு இடாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து பெயர் கூப்பிட்டார். அவருக்கு அது, எங்களுக்கு இது.

திரும்பி வந்தால் ஆடு ஒன்று இரண்டு சிப்பாயைத் தின்றுவிட்டது. குகனுக்கு ஒரே சிரிப்பு. "ஆட்டுக்குச் செக் வையுங்கோ ரீச்சர்!"

மாசி 12, வெள்ளி

போட்டி விதிகளைச் சுவரில் கரியால் எழுதிப் போட்டேன். முக்கியமானது: தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். இவர்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்து யோசிக்கிற ஆட்கள். அங்கே அது சரிவராது. இரண்டு மணித்தியாலமாக அது ஒன்றுதான். கையைப் பின்னால் கட்டச் சொல்லி விளையாட விட்டேன். ரஜீவன் மூக்கால் காட்டுகிறான்.

தவமலர் ஒரு தரமும் பிழை விடவில்லை. அந்தப் பிள்ளை தொட்டால் தொட்டதுதான்.

மாசி 15, திங்கள்

தவமலரின் அம்மா அனுப்பமாட்டாவாம். வீட்டுக்கே போனேன். கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தா.

"அம்புட்டுத் தூரம் நம்ம புள்ளைய எப்புடிங்க டீச்சர் அனுப்புறது? வழியில ஏதாச்சும் ஒன்னு ஆச்சுன்னா?"

நானும் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம்தான். எங்கள் அம்மாவின் பேச்சும் இதேதான். அந்தப் பேச்சைக் கேட்டால் என் வாயில் ரீச்சர் கதை வராது. "எனக்கும் பயந்தாங்க அக்கா" என்று உண்மையைச் சொன்னேன். "இங்க இருந்தாலும் பயந்தானே." கொஞ்ச நேரத்தில் ஒரு சிரங்கை கச்சான் அள்ளி என் மடியில் போட்டா. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது சைக்கிள் செயின் கழன்றது. கை முழுக்கக் கரி.

உண்மையாகவே ஏதாவது ஆகிவிட்டால்? யார் பதில் சொல்வது? நான்தான்.

மாசி 19, வெள்ளி

நாளை போட்டி. போய்வர சங்கத்து உழவு மெசின் சரி. மண்ணெண்ணெய்க்குத் தலைவரிடம் பல்லை இளித்தது போதும் போதும் என்றாகிவிட்டது. கொண்டுபோக வேண்டியவை: புட்டு, தண்ணீர்க் கான், பனடோல், பிள்ளைகளுக்கு மாற்றுச் சட்டை, என் கிராம்பு. பல் வீங்கியிருக்கிறது. வீங்கின கன்னத்தோடுதான் போகிறேன்.

நிரோஷாவுக்குச் செருப்பில்லை. என் தங்கச்சியின் செருப்புக்குள் துணி அடைத்துக் கொடுத்தேன்.

அதிபர் அம்மா போகிற போக்கில், "சாப்பாட்டை வெயிலில வைக்காதையும், புளிச்சுப்போம்" என்றார். வாழ்த்து அவ்வளவுதான்.

மாசி 21, ஞாயிறு

நேற்று எழுத மனமில்லை. இன்று குளித்து, பல்லுக்கு உப்புத் தண்ணீர் கொப்பளித்து, கொட்டில் வாசலில் இருந்து எழுதுகிறேன்.

விடியற் பனியில் புறப்பட்டோம். வன்னேரி தாண்டும்வரை குகன் பாட்டு. பிறகு சத்தி எடுத்தான். அக்கராயனில் கொட்டிலில்லை, ஓடு போட்ட மண்டபம். மேசைக்கு மேசை புது பிளாஸ்ரிக் காய். ஒன்றிலும் புளியங்கொட்டை இல்லை. ரஜீவன் சிப்பாயைக் கையில் எடுத்து மணந்துபார்த்தான்.

முதல் சுற்று தோல்வி. இரண்டாவது வென்றோம். மூன்றாவதும் வென்றோம்! நிரோஷா வென்றுவிட்டு எழும்பி ஓடி வந்ததில் ஒரு செருப்பு மேசைக்குக் கீழேயே நின்றுவிட்டது.

கடைசிச் சுற்று, மண்டபத்துக்காரப் பள்ளிக்கூடத்தோடு. எங்கள் மூன்று மேசைகள் முடிந்துவிட்டன. தவமலரின் மேசைதான் மிச்சம். அவள் வென்றால் இரண்டாம் இடம் எங்களுக்கு. தோற்றால் மூன்றாம் இடம். எதிரே சப்பாத்துப் போட்ட ஒரு பெடியன். அவனுடைய குதிரை இவளுடைய கோட்டையைத் தாக்கி நிற்கிறது. இவள் முறை. கோட்டையை அந்தக் கரைக்குக் கொண்டுபோனால் அவனுடைய ராசாவுக்கு மூச்சு விட இடமில்லை. எனக்கே தெரிகிறது, அவளுக்குத் தெரியாதா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இருந்தாள்.

அப்போதுதான் சத்தம்.

"கிபிர்! ஓடுங்கோ!"

மண்டபமே ஒரு பக்கமாகச் சரிந்தது. நான் குகனின் கொலரைப் பிடித்துக்கொண்டு பங்கருக்குள் விழுந்தேன். இருட்டு, வியர்வை மணம், யாரோ ஒரு பிள்ளையின் விக்கல். தூரத்தில் இரண்டு தரம் நிலம் அதிர்ந்தது. என் நாலும் இருக்கிறதா என்று தலைகளைத் தடவிப் பார்த்தேன். இருந்தன. பிள்ளையாரே என்றேன்.

திரும்பி வந்தபோது மேசைகள் அப்படியே. காய்களும் அப்படியே. எங்கள் மேசைகளில் சில ராசாக்களை மட்டும் காணவில்லை.

நடுவர் பென்சன் எடுத்த ஒரு ஐயா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். குகன் காற்சட்டைப் பொக்கற்றிலிருந்து இரண்டு ராசாவை எடுத்து வைத்தான். நிரோஷா ஒன்று. ரஜீவன் ஒன்று. முடிந்த ஆட்டங்களின் ராசாக்களையும் விட்டுவைக்கவில்லை! சனம் சிரித்தது. நானும் சிரிக்கப் போனேன். தவமலர் பொத்திய கையை விரித்தாள். வெள்ளை ராசா.

மற்றப் பள்ளிக்கூட மாஸ்ரர் எழும்பினார். கெட்ட மனுசன் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"ஐயா, தொட்ட காய் நகர்த்தோணும் எண்டுதானே விதி? எங்கட பிள்ளை ஒண்டையும் தொடாமல்தானே ஓடினவன்."

நான் வாயைத் திறந்தேன். அது எங்கள் வழக்கம், நான் பழக்கினது, பிள்ளை ஆடுவதற்காகத் தொடவில்லை, காப்பாற்றத்தான் தொட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். வீங்கிய கன்னத்தோடு அரைவாசி விளங்கியிருக்காது. நடுவர் பாவம், தலையைச் சொறிந்தார். தவமலரிடம் குனிந்து கேட்டார்.

"பிள்ளை, ஓடேக்க தெரியாமல் கை பட்டதோ? இல்லாட்டி நீங்களா எடுத்தனீங்களோ?"

ஐயா வழி காட்டுகிறார் என்று எனக்கு விளங்கியது. தெரியாமல் பட்டது என்று சொல், சொல் என்று மனதுக்குள் கத்தினேன். ஒரு ஆசிரியை நினைக்கக் கூடாதது. நினைத்தேன்.

"நான்தான் எடுத்தனான் ஐயா. விட்டிட்டுப் போக மனம் வரேல்லை."

ராசாவை அதன் கட்டத்தில் வைத்தாள். பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினாள். குதிரை கோட்டையை வெட்டியது. அதற்குப் பிறகும் கனநேரம் இழுத்தாள். சரிவரவில்லை.

மூன்றாம் இடம்.

குழாயடியில் அந்தச் சப்பாத்துப் பெடியன் அவளிடம் வந்து, "நீர் கோட்டையை நகர்த்தியிருந்தா நான் தோத்திருப்பன்" என்றான். "தெரியும்" என்றாள். அவ்வளவுதான். மெசினில் வரும் வழியெல்லாம் யாரும் பாடவில்லை. அழுதது நான் மட்டும்தான். தூசி என்று சொன்னேன்.

அவள் விதியைப் பிழையில்லாமல் பிடித்தாள். நான்தான் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு விதியைப் பழக்கிவிட்டு, அது தெரியாமலே இருந்திருக்கிறேன்.

மாசி 22, திங்கள்

வானம் மப்பு. மழை வராது, சும்மா பாவனை.

அதிபர் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டே கேட்டார். தவமலர் சொன்ன பதிலைச் சொன்னபோது மட்டும் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடி குனிந்துகொண்டார்.

"சரி. நாளையில இருந்து பின்னேரம் புலமைப்பரிசில். பெட்டியை அலுமாரிக்குள்ள வையும்."

பிள்ளைகளுக்குச் சொன்னேன். குகன் சோடா மூடிக் குதிரையை ஒருக்கால் தடவிவிட்டுப் பெட்டிக்குள் போட்டான். கூடவே இன்னொன்றும் சொன்னேன்: இனிமேல் எந்த ஆட்டமென்றாலும் சத்தம் கேட்டால் ராசாவைத் தொடக்கூடாது, வெறுங்கையோடு ஓட வேண்டும். "ஓம் ரீச்சர்" என்றார்கள். இவ்வளவு நல்ல பிள்ளைகளாக இவர்கள் இருக்கத் தேவையில்லை.

மாசி 25, வியாழன்

வெயில் கொளுத்தியது. பல் தானாகவே ஆடுகிறது. இரண்டு நாளில் விழும்.

இடைவேளையில் தவமலர் வந்து பெட்டியைக் கேட்டாள். "விளையாட இல்லை ரீச்சர். ரஜீவனுக்கு ஒண்டு காட்டோணும்." கொடுத்தேன். விறாந்தை வாங்குப் பலகையில் உரப்பையை விரித்து அந்தக் கடைசி ஆட்டத்தை அப்படியே அடுக்கினாள், விமானம் வருவதற்கு முந்தின நிலையில். கோட்டை, குதிரை, புளியங்கொட்டைகள், கூன் ராசா. ரஜீவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான். மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை. நானும்தான்.

அதிபர் அம்மா வந்து நின்றார்.

"என்ன இது? மணி அடிச்சது கேக்கேல்லையோ? உந்த விளையாட்டை மூடி வையுங்கோ."

சொல்லி வாய் மூடவில்லை. சத்தம். இந்த முறை தாழ. ஓடினோம். நான் கடைசிப் பிள்ளையையும் தள்ளிவிட்டுக் குதித்தேன். அதிபர் அம்மா எனக்கும் பிறகுதான் வந்து விழுந்தார். எங்கோ குளத்துப் பக்கம் விழுந்தது. மேலே மரக்குற்றிகளுக்கு இடையால் மண் உதிர்ந்தது. குகன் என் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நாலு பேரின் கையும் வெறுங்கை. நான் சொன்னபடி.

"ரீச்சர்," என்றான் குகன், சின்னக் குரலில். "ராசா ரெண்டு பேரும் வெளியில தனிய நிக்கினம்."

யாரும் சிரிக்கவில்லை. தவமலர் முகத்தை முழங்காலில் புதைத்தாள். ராசா வெறும் கட்டை என்று சொல்லலாம். வாய் வரவில்லை.

அதிபர் அம்மா பெயர் கூப்பிடுவார் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை. அப்போதுதான் கவனித்தேன், கக்கத்தில் இடாப்பு இல்லை. அவர் மெதுவாக வலது கையை விரித்தார். கறுப்பு ராசாவும், ரஜீவனின் அப்பா செதுக்கிய கூன் ராசாவும்.

மேலே சத்தம் இன்னும் அடங்கவில்லை. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்ப ஆருடைய முறை?"

தவமலர் தலையை நிமிர்த்தினாள்.

"வெள்ளை, அம்மா. கோட்டைதான் போகோணும்."